காரின் கூரையில் கயாக்: ரேக் எங்கே தவறுகிறது, எப்படிச் சரிசெய்வது

ஞாயிறு விடிகாலை முட்டுக்காடு உப்பங்கழிக் கரையில் காரை நிறுத்தினால், கூரையிலிருந்து கயாக்கை (துடுப்பால் ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) இறக்குவதற்குள் யாராவது ஒருவர் வந்து நிற்பார். "அண்ணே, வழியெல்லாம் ஒரே சத்தம், கொஞ்சம் பாருங்களேன்" என்பார். இன்னொருவர், "மூக்கு ஆடிக்கிட்டே வருதுண்ணே" என்பார். பல வருடங்களாகப் பார்த்ததில் புகார்கள் பத்துக்குள்தான் அடங்குகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதிவைக்கிறேன். புதிதாக ரேக் (படகைத் தாங்கக் கூரையில் பொருத்தும் சட்டம்) வாங்கப்போகிறவர்களும் படிக்கலாம். பிறர் வண்டியில் எது தவறிப்போனது என்று தெரிந்தால், உங்கள் எஸ்யூவிக்கு எது வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

நம் சாலையில் எஸ்யூவிக்குப் பத்தடி பின்னால் எப்போதும் ஒரு பைக் வரும். பல நேரம் அதில் கணவன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. 25 கிலோ கயாக் ஓடும் வண்டியிலிருந்து கழன்றால் போய் விழுவது அவர்கள் மேல்தான். "போற வரைக்கும் தாங்கும்" என்று யாரும் கிளம்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

## எந்தப் புகாராக இருந்தாலும், முதலில் ஆட்டிப் பாருங்கள்

கயாக்கை ஏற்றிக் கட்டிய பிறகு, அதன் நடுப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து இடம் வலமாக நன்றாக ஆட்டுங்கள். பிறகு முன்னும் பின்னும் தள்ளுங்கள். சரியாகக் கட்டியிருந்தால் கயாக்கோடு சேர்ந்து கார் முழுவதும் சஸ்பென்ஷனில் குலுங்கும். கயாக் தனியாக அசைந்தால், எந்த இணைப்பு அசைகிறது என்று மேலிருந்து கீழே பாருங்கள்.

- தாங்கியின் (கயாக் உட்காரும் தொட்டில்) மேல் கயாக் வழுக்கினால் பட்டையில் பிழை. செலவு ஏறக்குறைய இல்லை.
- கிராஸ் பாரின் (கூரையின் குறுக்கே போகும் கம்பி) மேல் தாங்கி திரும்பினால் தாங்கியின் போல்ட்டில் பிழை. ரேக்கோடு வந்த திருகுச் சாவியே போதும்.
- ரூஃப் ரெயிலின் (கூரையின் இரு ஓரமும் நீளவாக்கில் ஓடும் கம்பி) மேல் கிராஸ் பாரின் கால் நகர்ந்தால் காலோ அதன் கிட்டோ (காலை வண்டியோடு பொருத்தும் பாகங்கள்) பொருந்தவில்லை. இங்கிருந்து காசு செலவாகும்.
- கூரையின் மேல் ரெயிலே அசைந்தால் கயாக்கை உடனே இறக்குங்கள். அன்றைக்குப் பயணம் இல்லை.

கீழே இறங்க இறங்கச் செலவும் ஆபத்தும் ஏறும். மற்ற எல்லாப் பகுதிகளும் இந்த நான்கு இணைப்பையே சுற்றிவரும்.

## அறிகுறி: ஓடும்போது விசில், முழக்கம்

### கயாக் இல்லாமலே சத்தம் வருகிறது

முதலில் பாரின் மேல்பக்கத்தைப் பாருங்கள். தாங்கியைப் பொருத்துவதற்கான நீளப் பள்ளம் அங்கே இருக்கும். அதை மூடும் ரப்பர் பட்டை கழன்றோ பாதி வெட்டப்பட்டோ இருந்தால் புல்லாங்குழல் ஊதுவது போலச் சத்தம் வரும். தாங்கி உட்காரும் இடத்துக்கு மட்டும் ரப்பரை வெட்டி, மீதிப் பள்ளத்தை மூடிவிடுங்கள். அடுத்து, பாரின் இரு முனை மூடிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விழுந்திருந்தாலும் குழாய் ஊதும்.

இரண்டும் சரியாக இருந்தால் பாரின் வடிவத்தையே சந்தேகிக்க வேண்டும். சதுரக் குழாய் பார் சத்தம் போடத்தான் செய்யும். சிலர் இறக்கை வடிவ பாரை முன்பின்னாக மாற்றிப் பொருத்தியிருப்பார்கள். பருமனான முனை முன்பக்கம், மெல்லிய முனை பின்பக்கம் இருக்க வேண்டும். புதிதாக வாங்குவதாக இருந்தால், விலை கூடினாலும் இறக்கை வடிவ அலுமினிய பாரையே வாங்குங்கள். வருடம் முழுவதும் பாரைக் கழற்றாமல் ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் காசு வீண் போகாது.

### கயாக் ஏற்றியபின் மட்டும் முழங்குகிறது

இது பட்டை. தட்டையான பட்டை இழுத்துக் கட்டிய நிலையில் காற்றில் அதிர்ந்து முழங்கும். காற்று படும் பகுதியில் பட்டைக்கு ஒரே ஒரு முறுக்குக் கொடுங்கள். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். தொங்கும் மீதி நுனியைப் பாரில் சுற்றி முடிச்சிடுங்கள். கதவுக்குள் வைத்து மூடினாலும் சரிதான், ஆனால் மழை பெய்தால் அந்தப் பட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

டப் டப் என்று விட்டுவிட்டு அடித்தால், இரும்புப் பக்கிள் கூரையிலோ கயாக்கிலோ மோதுகிறது. பக்கிளுக்கு அடியில் ரப்பர் மூடி இருக்கிற பட்டையாக வாங்குங்கள். இல்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருகுங்கள்.

சத்தத்துக்காக மெக்கானிக்கிடம் போக வேண்டியதில்லை. ஆனால் நேற்றுவரை இல்லாத சத்தம் இன்று வந்தால் ஏதோ தளர்ந்திருக்கிறது. ஓரம்கட்டி ஆட்டிப் பாருங்கள்.

## அறிகுறி: கயாக்கின் மூக்கு இடம் வலமாக ஆடுகிறது

அதிகம் கேட்கும் புகார் இதுதான். பலர் தவறாகச் சரிசெய்வதும் இதைத்தான். மூக்கு ஆடினால் மூக்கை இன்னும் இறுக்கிக் கட்டுகிறார்கள். கயாக் வில்லாக வளைகிறது, ஆட்டம் நிற்பதில்லை. மூக்குக் கயிறு காப்புக் கயிறு. படகைப் பிடித்துவைக்க வேண்டியவை பாரோடு சேர்த்துக் கட்டிய இரண்டு பட்டைகள்தான்.

ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசும். புதுச்சேரிப் பக்கமிருந்து சென்னைக்குத் திரும்பும்போது அது வண்டியின் வலப்பக்கத்தில் அறையும். அதே நேரம் எதிரே ஓர் ஆம்னி பஸ் கடந்துபோனால் இரண்டாவது அறை விழும். காலையில் போகும்போது அசையாத கயாக் மாலையில் திரும்பும்போது ஆடுவது இதனால்தான்.

### பட்டை எங்கே சுற்றியிருக்கிறது?

பட்டை கயாக்கின் மேலாக வந்து, பாருக்கு அடியில் நுழைந்து, மறுபடி மேலே ஏறி, எதிர்ப்பக்கம் பாருக்கு அடியில் போய் பக்கிளில் முடிய வேண்டும். கயாக்கின் இரு விளிம்புக்கும் ஒட்டினாற்போல் பாரைப் பிடிக்க வேண்டும். ஓர் அடி தள்ளிப் பிடித்தால் பட்டை கூடாரக் கயிறு போலச் சாய்ந்து நிற்கும். பக்கவாட்டு அசைவை அது தடுக்காது. பட்டையை ரூஃப் ரெயிலில் மாட்டியிருந்தாலும் இதே கதை. கழற்றிப் பாரில் சுற்றுங்கள்.

### கயாக் சமநிலையில் உட்கார்ந்திருக்கிறதா?

இரண்டு பார்களுக்கும் நடுப்புள்ளியில் கயாக்கின் எடை நடு வர வேண்டும். நீளத்தின் நடுவும் எடையின் நடுவும் ஒன்றல்ல. இருக்கைப் பகுதியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, எங்கே சமமாக நிற்கிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த டேப்பைப் பார்களின் நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

### பார்களுக்கு இடையே எவ்வளவு தூரம்?

டேப்பால் அளந்து பாருங்கள். 60 செ.மீ.க்கும் குறைவாக இருந்தால், 5 மீட்டர் கடல் கயாக்கை அதில் நான் ஏற்ற மாட்டேன். அவ்வளவு நீளம் இவ்வளவு குறுகிய பிடியில் நின்றால் காற்று அதைத் துடுப்புப் போலத் திருப்பும். 75 முதல் 90 செ.மீ. கிடைத்தால் நிம்மதி. ரெயிலில் இடம் இருந்தும் பார்களைச் சும்மா நெருக்கிப் போட்டிருப்பவர்கள் உண்டு. தள்ளிப் போடுவதற்குக் காசு வேண்டாம். ஆனால் கூரையில் குறித்த இடத்தில்தான் பொருத்த முடியும் என்கிற வண்டிகளில் இடத்தை மாற்றக் கூடாது. அங்கே நீளம் குறைந்த கயாக்தான் தீர்வு.

### தாங்கி கயாக்குக்கு ஏற்றதா?

வெறும் பாரின் மேல் நுரைக் கட்டை வைத்துக் கட்டுவது குறைந்த தூரத்துக்கு ஆகும். நனைந்தால் அந்தக் கட்டை வழுக்கும். மாதம் இருமுறைக்கு மேல் போகிறவர்கள் ஜே வடிவத் தாங்கிக்கோ, சேணம் போல அடியைத் தாங்கும் சேடில் தாங்கிக்கோ மாறிவிடுவது நல்லது. ஜே தாங்கியில் கயாக் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும், அதனால் காற்று படும் பரப்பு கூடும். ஒரே ஒரு கடல் கயாக் மட்டும் ஏற்றுகிறவர்களுக்குச் சேடில்தான் என் சிபாரிசு. தாழ்வாக உட்காரும், காற்று குறைவாகப் பிடிக்கும்.

### கடைசியாக மூக்குக் கயிறும் வால் கயிறும்

கயாக் 4 மீட்டரைத் தாண்டினால் இரண்டும் கட்டாயம். நம் கடற்கரையில் படகின் முன்பகுதியை அணியம் என்பார்கள். அணியத்திலிருந்து இரண்டு கயிறுகளைத் தலைகீழ் வி வடிவில் இறக்கி, பானெட்டின் இரு பக்கமும் கட்டுங்கள். பம்பரில் கட்டாதீர்கள், இப்போது வரும் பம்பர் வெறும் பிளாஸ்டிக். பானெட்டுக்கு உள்ளே ஃபெண்டரைப் பிடிக்கும் போல்ட்டில் ஒரு பட்டை வளையத்தை மாட்டி வெளியே விடலாம். தேவையில்லாதபோது உள்ளே மடித்துப் போட்டு மூடிவிடலாம். பின்பக்கம், வண்டியோடு தரும் இழுவைக் கொக்கியைத் திருகிக் கட்டலாம்.

கயிறு தொய்வின்றி இருந்தால் போதும், மூக்கு வளையும் அளவுக்கு இழுக்காதீர்கள். இன்னொரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கயாக்கை இறக்கியதும் முன்கயிற்றைக் கழற்றி உள்ளே போடுங்கள். மறந்து ஓட்டினால் தொங்கும் நுனி முன்சக்கரத்துக்கு அடியில் போகும். கயாக் மேலே இருக்கும்போது அது நடந்தால் படகின் மூக்கையே கீழே இழுத்து ஒடிக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஆடினால், வேகத்தை 70-க்குக் குறைத்து வீடு திரும்புங்கள். அடுத்த பயணத்துக்கு முன் பார்களின் கால்களைக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

## அறிகுறி: இறுக்கிக் கட்டிய பட்டை பாதி வழியில் தளர்கிறது

நனைந்த நைலான் நீளும். கடலிலிருந்து எடுத்த ஈரக் கயாக்கை நைலான் பட்டையால் கட்டிக் கிளம்பினால் இருபது கிலோமீட்டரில் தொய்ந்திருக்கும். பாலியெஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது. 25 மி.மீ. அகலம், கேம் பக்கிள் (பல்லால் பட்டையைக் கவ்வும் பிடி), பாலியெஸ்டர் என்று கேட்டு வாங்குங்கள். துணி காயப்போடும் கயிறும் ரப்பர் கொக்கிக் கயிறும் கயாக்குக்கு ஆகாது. ரப்பர் எவ்வளவு இழுத்தாலும் மேலும் நீளும்.

பட்டை நல்லதாக இருந்தும் தளர்ந்தால், கேம் பக்கிளின் பல்லைப் பாருங்கள். மணலும் உப்பும் அடைத்திருந்தால் ஸ்பிரிங் முழுதாக மூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, விரலால் நாலைந்து முறை அழுத்தி விடுங்கள். பல் மழுங்கியிருந்தால் அந்தப் பட்டையை வெட்டிக் குப்பையில் போடுங்கள். பத்திரப்படுத்தினால் வேறு யாராவது எடுத்துக் கட்டிவிடுவார்கள்.

இன்னொரு காரணம் யாருக்கும் உடனே தோன்றாது: கயாக்குக்குள் தண்ணீர். ஐந்து லிட்டர் என்றால் ஐந்து கிலோ. பிரேக் போடும்போது முன்னே ஓடும், வேகம் எடுத்தால் பின்னே ஓடும், கூடவே பட்டையை அசைத்துத் தளர்த்தும். ஏற்றும் முன் வடிகால் மூடியைத் திறந்து கவிழ்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் உட்காரும் குழிக்கு மூடித் துணி போடாமல் நிமிர்த்தி ஏற்றினால் மழையே அதை நிரப்பிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும், கிளம்பிய முதல் பத்து நிமிடத்தில் ஒரு முறை நிறுத்தி இறுக்குங்கள். பட்டை தன் இடத்தில் படிந்து உட்கார அவ்வளவு நேரம் ஆகும். நான் டீக்கடையில் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுத் தொட்டுப் பார்ப்பேன்.

## அறிகுறி: ரேக்கின் கால் நகர்கிறது, அல்லது ரெயிலே அசைகிறது

இங்கே அவசரம் வேண்டாம். கயாக்கை இறக்கிவைத்துவிட்டுப் படியுங்கள்.

### ரெயிலுக்கும் கூரைக்கும் நடுவே கை நுழைகிறது

இது உயர்ந்த ரெயில். பாரின் காலில் இருக்கும் கவ்வி ரெயிலைச் சுற்றிப் பிடிக்க வேண்டும். கவ்வியின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, மணல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். துடைத்து, கிட்டோடு வந்த சாவியால் நான்கு கால்களையும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு காலை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் பார் கோணலாக உட்காரும். புதிதாகப் பொருத்திய ரேக்கை முதல் 50 கி.மீ. ஓடியதும் மறுபடி இறுக்க வேண்டும்.

### ரெயில் கூரையோடு ஒட்டியிருக்கிறது

இதற்கு வண்டி மாடலுக்கென்றே தனிக் கிட் வரும். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று விற்கும் கவ்வி இதில் நுனியை மட்டுமே பிடிக்கும். நகர்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். இறுக்கிச் சரிசெய்ய முடியாது, சரியான கிட்டுக்கு மாற வேண்டும்.

### ரெயில் வெறும் அலங்காரம்

நம் ஊரில் ஓடும் பல எஸ்யூவிகளில் இருக்கும் ரெயில் அழகுக்குத்தான். பிளாஸ்டிக் கிளிப்பிலோ பசையிலோ நிற்கும். கீழே நின்று பார்த்தால் நிஜ ரெயிலிலிருந்து வேறுபாடே தெரியாது. வண்டியோடு தந்த கையேட்டை எடுத்து, கூரைச் சுமை பற்றிய பக்கத்தைத் தேடுங்கள். கிலோ கணக்கில் ஓர் அளவு அச்சிட்டிருந்தால் தைரியமாக அடுத்த படிக்குப் போகலாம். "சுமை ஏற்றக் கூடாது" என்று இருந்தாலோ, அதைப் பற்றிப் பேச்சே இல்லாவிட்டாலோ அந்த ரெயிலில் எதையும் கட்டாதீர்கள். ஷோரூமில் "தாராளமா ஏத்தலாம் சார்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

அலங்கார ரெயில் வண்டிக்கு வழி உண்டா? சில மாடல்களுக்குக் கதவு விளிம்பைக் கவ்வும் கால்கள் கிடைக்கின்றன. உங்கள் மாடலின் பெயர் அந்தக் கிட்டின் பட்டியலில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பழைய ஜிப்ஸி, சுமோ போன்ற வண்டிகளில் கூரையோரம் மழைநீர் வாய்க்கால் இருக்கும். அதில் மாட்டும் கால்கள் பழங்காலத்துப் பாணி என்றாலும் உறுதியானவை. துணிக்கூரை ஜீப்புகளில் இந்தக் கால்கள் எதையும் துணியில் மாட்ட முடியாது. இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் காற்றடைக்கும் கயாக் வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை, பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் அமைதியான நீரில் அது அழகாக ஓடும்.

### "பட்டறையில் கூரையைத் துளைத்து போல்ட் போட்டுத் தருகிறோம்" என்றால்

வேண்டாம். பல வண்டிகளில் கூரையின் பக்க ஓரத்துக்குள் கர்ட்டன் ஏர்பேக் (விபத்தில் ஜன்னலோரம் விரியும் காற்றுப்பை) மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. துளைக் கருவி அதைக் கிழிக்கலாம். அந்தத் துளை வழியாக மழைநீர் இறங்கும், துரு பிடிக்கும், நிறுவன உத்தரவாதமும் போகும்.

### எடைக் கணக்கு

கால் எல்லாம் சரி, ஆனாலும் மேடு பள்ளத்தில் முனகுகிறது என்றால் எடையைக் கூட்டிப் பாருங்கள். கூரை, ரெயில், பார், தாங்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. அவற்றில் மிகக் குறைந்ததுதான் உங்கள் அளவு. பாரில் 75 கிலோ என்று எழுதியிருந்தாலும் கையேட்டில் கூரைக்கு 50 என்றிருந்தால், 50-தான் கணக்கு. ரேக்கின் எடையும் அதற்குள் சேரும்.

ஓர் உதாரணம்: அலுமினிய பார்கள் 6 கிலோ, இரண்டு ஜோடி ஜே தாங்கி 7 கிலோ, 24 கிலோ கயாக் இரண்டு என்றால் 48. மொத்தம் 61. எல்லை 75 என்றால் சரி. எல்லை 50 என்றால் ஒரே ஒரு கயாக்தான். இதே இடத்தில் வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயால் செய்த கேரியரைப் போட்டால் அதன் எடையே 25 கிலோ வரும். பட்டறை கேரியர் பார்க்கக் கோட்டை போல இருக்கும், விலையும் மலிவு. ஆனால் படகுக்கு வைத்திருக்கும் கணக்கைத் தானே தின்றுவிடும். இருவர் போகும் உட்காருமேடைக் கயாக்குகள் (குழிக்குள் அல்லாமல் மேலே உட்கார்ந்து ஓட்டுபவை) 35 கிலோவைத் தொடும், அவற்றை எண்ணும்போது இன்னும் கவனம் வேண்டும்.

நிபுணரிடம் போக வேண்டிய கட்டம்: ரெயில் கூரையிலிருந்து அசைந்தால், ரெயிலின் அடியில் பெயிண்ட் வெடித்திருந்தால், கூரைத் தகடு உள்வாங்கியிருந்தால் நிறுவன சர்வீஸ் சென்டரின் பாடி பிரிவுக்குப் போங்கள். துணைக்கருவிக் கடையில் இதற்கு வழி கிடைக்காது.

## அறிகுறி: இரண்டு கயாக் வைக்க இடம் போதவில்லை

சாதாரணக் கயாக்கின் அகலம் 70 முதல் 80 செ.மீ. இரண்டு படுத்தால் ஒன்றரை மீட்டர். பாரில் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. அகலமான பார் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியே நீளும் பார் நெற்றியில் இடிக்கும், பக்கத்தில் வருகிறவரின் தோளிலும் இடிக்கும். அதற்குப் பதில் ஜே தாங்கி இரண்டு ஜோடி போட்டால் இரண்டும் சாய்ந்து நிற்கும், இடம் போதும். நடுவே ஒரு நிமிர்ந்த கம்பி வைத்து இருபுறமும் கயாக்கைச் சார்த்திக் கட்டும் முறையும் உண்டு. மூன்று படகுகூட நிற்கும், ஆனால் எடைக் கணக்கை மறக்காதீர்கள்.

ஜே தாங்கி போட்டால் உயரம் கூடும். வண்டியின் உயரத்தைக் கயாக்கோடு அளந்து, எழுதி, டேஷ்போர்டில் ஒட்டுங்கள். அடுக்குமாடி அடித்தள நிறுத்தத்தில் 2.1 மீட்டர் குறுக்குக் கம்பி என்றால், எஸ்யூவி தப்பும், கயாக் தப்பாது.

## அறிகுறி: கயாக்கின் அடி குழிந்திருக்கிறது

இரண்டே காரணம்: ராட்செட் பட்டையால் (நெம்பி நெம்பி இறுக்கும் பற்சக்கரப் பட்டை) இழுத்தது, அல்லது சித்திரை வெயிலில் கட்டியபடியே நாள் முழுக்க விட்டது. பாலிஎத்திலீன் கயாக் சூட்டில் இளகும். ராட்செட்டுக்குக் கையின் உணர்வு கிடையாது, படகு நசுங்குவது தெரியாமல் இழுத்துக்கொண்டே போகலாம். கேம் பக்கிளும் கையால் இழுக்கும் அளவு இறுக்கமும் போதும். நிறுத்தியிருக்கும் நேரத்தில் பட்டையைத் தளர்த்திவிட்டு, கிளம்பும்போது மறுபடி இறுக்குங்கள். வெறும் பாரில் வைக்கிறவர்கள், ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு நுரைக் குழாயைப் பாரில் போட்டுக்கொள்ளுங்கள். ஏசி உதிரிபாகக் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். உள்ளாடை போலப் பாரை முழுதும் மூடுவதால் குழியும் விழாது, வழுக்கலும் குறையும்.

விழுந்த குழியைக் கவிழ்த்து வெயிலில் வைத்தாலே பாதி எழும்பிவிடும். எழாவிட்டால் கொதிக்காத வெந்நீரை ஊற்றி உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ளுங்கள். பெயிண்ட் உரிக்கும் சூட்டுத் துப்பாக்கியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

விரிசல் என்றால் ஆள் வேண்டும். பாலிஎத்திலீன் கயாக்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியும் ஒரே இனப் பொருள். தொட்டிக்கு பிளாஸ்டிக் வெல்டிங் செய்கிற நல்ல கைக்காரர் இதையும் செய்வார். ஃபைபர் கயாக் என்றால் காசிமேட்டில் மீன்பிடி ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கிறவர்களிடம் கொண்டுபோங்கள். அந்த வேலையில் அவர்கள் கை ஊறியது.

## அறிகுறி: டிக்கிக் கதவு இடிக்கிறது, சன்ரூஃப் திறக்கவில்லை

டிக்கிக் கதவு வாலில் இடித்தால் கயாக்கைச் சமநிலைப் புள்ளியிலிருந்து ஒரு கை அகலம் முன்னே தள்ளிப் பாருங்கள். அதற்குமேல் தள்ளாதீர்கள். பயணம் முழுக்கப் பின்கதவைத் திறக்கப்போவதில்லை என்றால் தள்ளவே வேண்டாம், சாமான்களைப் பின்சீட்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

சன்ரூஃபுக்கு ஒரே விதிதான்: ரேக் இருக்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். மேல்நோக்கிச் சாய்ந்து திறக்கும் கண்ணாடி முன்பாரில் மோதி உடையும். குழந்தைகள் ஆசைக்கு அழுத்துவார்கள், பொத்தானின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

வால் பின்னே நீண்டால் நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள், இருட்டில் சிவப்பு விளக்கு வையுங்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதித்த எல்லைக்கு மேல் முன்னோ பின்னோ பக்கவாட்டிலோ நீட்டும் சுமைக்கு 20,000 ரூபாய் அபராதம் உண்டு. 5 மீட்டர் கயாக்கை 4 மீட்டர்க் குறுகிய எஸ்யூவியில் ஏற்ற நினைக்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

## அறிகுறி: தனியாக ஏற்ற முடியவில்லை

தோள்வலி வந்த பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். 25 கிலோவைத் தலைக்கு மேலே தூக்கத் தேவையில்லை. கூரையின் பின்விளிம்பில் ரப்பர் கால்மிதி ஒன்றை விரியுங்கள். மூக்கை மட்டும் தூக்கி அதில் சாய்த்து, பிறகு வாலைத் தூக்கி முன்னே தள்ளுங்கள். ஒரு நேரத்தில் பாதி எடைதான் கையில் இருக்கும். சேடில் தாங்கிக்கு இது நன்றாக ஒத்துவரும். ஜே தாங்கிக்குப் பக்கவாட்டில்தான் ஏற்ற வேண்டும், தனியாளுக்குக் கடினம். ஆகவே எப்போதும் தனியாகப் போகிறவர் ரேக் வாங்கும்போதே சேடிலைத் தேர்ந்தெடுங்கள்.

காற்று வீசும் நாளில் தனியாக ஏற்றாதீர்கள். கரையில் யாரையாவது கூப்பிடுங்கள். கோவளத்தில் ஒரு குரல் கொடுத்தால் மீனவத் தம்பிகள் இருவர் வந்து, நாம் பிடிப்பதற்குள் தூக்கி வைத்துவிடுவார்கள்.

## அறிகுறி: பெயிண்ட் கீறல், துரு, ஒழுக்கு

கீறல், காலுக்கு அடியில் சிக்கிய மணலால் வருகிறது. ரேக்கைப் பொருத்தும் முன் கூரையையும் ரப்பரையும் ஈரத்துணியால் துடைப்பதுதான் மருந்து.

ஒழுக்கு என்றால் முதலில் கதவு வழியாக உள்ளே போகும் பட்டை இருக்கிறதா பாருங்கள். கதவுகளுக்குள் பட்டை நுழைத்துக் கட்டும் காற்றடைத்த மெத்தை ரேக்கில் மழைநீர் பட்டையோடு உள்ளே வருவது இயல்பு, அது பழுதல்ல. மழைக்காலத்தில் அந்த ரேக் வேண்டாம். பட்டை இல்லாமலே ஒழுகினால், கூரையில் போல்ட் போடும் மாடல்களில் வாஷர் கிழிந்திருக்கலாம். பாடி பிரிவில் காட்டுங்கள், தள்ளிப்போட்டால் உள்ளே துரு பரவும்.

கடல்நீர் சொட்டும் கயாக்கை ஏற்றி வந்தால் வீட்டுக்கு வந்ததும் ரேக்கையும் கூரையையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அலுமினிய பாரில் ஸ்டீல் போல்ட் உப்பு பட்டு இறுகிக்கொள்ளும். பொருத்தும்போதே மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இறுகிப்போன போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள், தலை உடைந்துவிடும். லேத் பட்டறையில் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கயாக்குக்கு வேலை இருக்காது. அந்த மாதங்களில் ரேக்கைக் கழற்றி, போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு, எந்தக் கால் எந்தப் பக்கம் என்று டேப்பில் எழுதி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.